பப்பாளிக்காய் சாலட்: இடித்தும் செய்யலாம், பிசறியும் செய்யலாம்

பப்பாளிக்காய்க்கு என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ருசி எதுவும் கிடையாது. வாயில் போட்டால் நறுக் நறுக்கென்று கடிபடும், அவ்வளவுதான். அந்த நறுக்குதான் இந்த சாலட்டுக்கு உயிர். புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு எல்லாம் நாம் கொண்டுவந்து சேர்ப்பது. அதனால் நல்ல காயாகப் பார்த்து வாங்கி, ஒழுங்காகச் சீவி, ஈரம் போக வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கருவாடு. சைவக்காரர்களுக்கும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். என் மனசில் உள்ளதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைச் செய்ய வெளிநாட்டு பாட்டில் ஒன்றுகூடத் தேவையில்லை. காசிமேட்டுக் கருவாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீன் சாஸ் கிடைக்கவில்லையே என்று இந்த சாலட்டைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னை தண்டையார்பேட்டை. என் மாமியார் பிறந்தது ரங்கூனில். 1962ல் பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போனபின், 1964லிருந்து பர்மாத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அப்படி வந்து இறங்கிய சிறுமிகளில் என் அத்தையும் ஒருத்தர். வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம். அப்படி வந்தவர்களுக்காக 1969ல் பாரிமுனையில் உருவானதுதான் பர்மா பஜார். அதை ஒட்டி செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ, மொய்ங்கா, பேஜோ என்று பர்மாச் சாப்பாட்டுக் கடைகள் வந்ததும் இவர்கள் கையால்தான். அத்தோவை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே கைப்பக்குவத்தில் நூடுல்ஸுக்குப் பதில் பப்பாளிக்காயைப் போட்டுப் பிசறுவது தள்ளுவண்டிவரை வராமல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அத்தை செய்து நான் சாப்பிட்டேன், இப்போது நான் செய்கிறேன்.

இன்னொரு வகை தாய்லாந்தில் செய்வது. லாவோஸ் மக்களுடையது, தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியிலும் அதுதான் அன்றாடச் சாப்பாடு. அங்கிருந்து வேலைக்குப் போனவர்களோடு பாங்காக் வரை போய், இன்று உலகம் முழுக்க சோம் தம் என்ற பெயரில் கிடைக்கிறது. அதை உரலில் இடித்துச் செய்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. வெயில் காலத்தில் இடித்தது, மழைக்காலத்தில் பிசறியது என்று எனக்கு ஒரு கணக்கு. இடித்ததில் எலுமிச்சைச் சாறு தூக்கலாக இருக்கும், எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இருக்காது, மே மாத மத்தியானத்துக்கு அதுதான் சரி.

காய்

கல்மண்டபம் மார்க்கெட்டில் பப்பாளி விற்கிற ஆயாவிடம் போய், "காயா வேணும்" என்றால் முதலில் பழத்தைத்தான் எடுத்து நீட்டுவார். பேப்பர் சுற்றி மேலே அடுக்கியிருப்பதெல்லாம் பழுக்கப்போகிறவை. காய் கூடைக்கு அடியில் கிடக்கும். "சமைக்கவா? பச்சையா துன்றதுக்கா?" என்று ஆயா கேட்டால், பச்சையாகத்தான் என்று சொல்லிவிடுங்கள். கூட்டுக்குச் செங்காய் ஆகும், சாலட்டுக்கு ஆகாது.

பார்க்க வேண்டியது இதுதான். தோல் முழுக்க ஒரே பச்சை. அடிமுனையில் மஞ்சள் கீற்று ஓடியிருந்தால் அதை வைத்துவிடுங்கள். தூக்கினால் கனக்க வேண்டும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் கல்லாக நிற்க வேண்டும். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் பால் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று முத்துக் கோத்து நிற்கும். பால் தண்ணியாக ஓடினாலோ வரவே இல்லையென்றாலோ காய் முற்றிவிட்டது, அல்லது பறித்து நாளாகிவிட்டது. கீறிப் பார்ப்பதற்கு முன் ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் பிழைப்பு அது.

பப்பாளி உள்ளேயிருந்துதான் பழுக்க ஆரம்பிக்கும். வெளியே முழுப் பச்சையாக இருக்கும்போதே உள்ளே நிறம் ஏறியிருக்கலாம். இப்போது மார்க்கெட்டுக்கு வருவதில் நிறைய ரெட் லேடி என்ற தைவான் ரகம், உள்ளே செக்கச் செவேலென்று பழுப்பது. அதையே பிஞ்சாக வாங்கினால் சாலட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டியதும் விதை வெள்ளையாக இருந்தால் முதல் தரம். சாம்பல் நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை. விதை கறுத்து, சதை ஆரஞ்சாக மாறியிருந்தால் அன்றைக்கு சாலட் வேண்டாம், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிடுங்கள். இனிப்பு ஏறிய காயைச் சீவினால் இழை தொய்ந்துபோகும், எத்தனை ஐஸ் தண்ணீரில் போட்டாலும் நிமிராது.

1 கிலோ முதல் 1¼ கிலோ வரை உள்ள காய் ஒன்று வாங்கினால் பாதியே 4 பேருக்குப் போதும். மீதிப் பாதியைத் தோல் சீவாமல் வைத்துக்கொள்ளலாம்.

பால்

பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பைன் புரதத்தைச் சிதைக்கும். மட்டன் வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அது இந்த வேலைக்குத்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 என்று இந்தப் பாலுக்கு ஏற்ற ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. மட்டனை மெதுவாக்குகிற சரக்கு கைத்தோலை மட்டும் விட்டுவைக்குமா? கை எரியும், அரிக்கும். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள்.

தோல் சீவுவதற்கு முன், காயின் நீளவாக்கில் கத்தி நுனியால் ஆழமில்லாமல் ஏழெட்டுக் கீறல் போட்டு, சிங்க்கில் 10 நிமிடம் சாய்த்து வைத்துவிடுங்கள். பால் வடிந்துவிடும். பிறகு குழாயடியில் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவி, இன்னொரு முறை கழுவுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் சாலட்டில் லேசான கசப்பு தட்டும், நாக்கு நுனி அரிக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதில் காரணம் இருக்கிறது. பப்பாளிப் பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்று எலிகளை வைத்துச் செய்த ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வருகிறவர்களும் தள்ளியே இருங்கள், இதே ஒவ்வாமை பப்பாளிப் பாலுக்கும் வரலாம். வேர்க்கடலை, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது விருந்துக்கு வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சீவுவது

இதில் அவசரப்படக் கூடாது. தேங்காய் துருவுகிற மாதிரி துருவியில் தேய்த்தால் தூள் தூளாக விழுந்து, எலுமிச்சை பட்டதும் கூழாகிவிடும். கேரட் துருவுகிற பெரிய ஓட்டையும் சுமார்தான். சாலட்டுக்கு வேண்டியது நீள நீளமான, தீக்குச்சிக் கனத்தில் பாதி இருக்கிற இழை.

கத்தியில் செய்வது இப்படி. தோல் சீவிய பாதிக் காயை இடது உள்ளங்கையில் படுக்க வையுங்கள், காம்புப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கனமில்லாத, நீளமான கத்தியை எடுத்து, காயின் மேல் நீளவாக்கில் டக் டக்கென்று கொத்துங்கள். ஓங்கி வெட்ட வேண்டாம், கத்தியின் எடையே போதும், அரை விரற்கடை ஆழம் இறங்கினால் சரி. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நூல் இடைவெளிதான் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கொத்து விழுந்ததும் கத்தியைப் படுக்க வைத்து, அந்த இடத்தை மேலாக ஒரு சீவு சீவினால் இழைகள் கொத்தாகப் பிரிந்து விழும். காயைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் கொத்து, மறுபடியும் சீவு. இழை ஒன்று தடிமனாக, ஒன்று மெலிசாக வரும். அது நல்லது. மெலிசான இழை சாற்றைக் குடிக்கும், தடித்தது வாயில் நறுக்கென்று நிற்கும். விதைக்கு மிக அருகில் போகாதீர்கள், உள்சதை பஞ்சு மாதிரி.

கத்தி பயமாக இருந்தால் பாத்திரக் கடையில் பல் வைத்த பீலர் கிடைக்கும், காய்கறியை இழை இழையாகச் சீவுவது. என் பெண் அதில்தான் சீவுகிறாள். இழை ஒரே சீராக வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. காயை நீளவாக்கில் வைத்து இழுங்கள், குறுக்கே இழுத்தால் குட்டை குட்டையாக வரும்.

இழைகளை ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம் போடுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏப்ரல், மே மாதங்களில் வெந்நீராக வரும், அதில் போட்டுப் பிரயோஜனமில்லை. ஐஸ்கட்டி கட்டாயம். தண்ணீரில் உப்பு போடாதீர்கள், உப்பு காயிலிருந்து நீரை இழுத்து இழையைத் துவளவைக்கும். வெறும் குளிர்ந்த நீரில் கிடந்தால் இழை தண்ணீரைக் குடித்து விறைத்து நிற்கும், ஒன்றை எடுத்து மடக்கினால் பட்டென்று முறியும்.

அடுத்து ஈரம். இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். வடிதட்டில் கொட்டி உதறினால் போதாது. பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துணி ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். இழைகளை அதில் மூட்டையாகக் கட்டி, பால்கனியில் நின்று நாலு சுற்று வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் தெறித்துப் போய்விடும். பிறகு தட்டில் பரப்பி, செய்கிற நேரம்வரை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இழையில் ஒட்டியிருக்கிற தண்ணீர் அத்தனையும் கடைசியில் சாலட்டின் அடியில்தான் வந்து நிற்கும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த புளிப்பும் உப்பும் அதில் கரைந்து போகும்.

கருவாடு

இரண்டு வேண்டும்: சென்னாக்குனி, நெத்திலிக் கருவாடு.

சென்னாக்குனி என்றால் பொடி இறாலைக் காயவைத்தது. தாய்லாந்தில் கொஞ்சம் பெரிய காய்ந்த இறாலைப் போடுவார்கள், பர்மாவில் அதைப் பொடித்துப் போடுவார்கள். நமக்குச் சென்னாக்குனியே இரண்டுக்கும் போதும். வாங்கும்போது ஒரு பிடி கையில் அள்ளிப் பாருங்கள். வெளிர் ஆரஞ்சு நிறத்தில், உதிரி உதிரியாக, கடல் வாசனையோடு இருக்க வேண்டும். பழுப்பேறி, கையில் பிசுபிசுத்து, மூக்கைக் குத்துகிற நெடி வந்தால் அது பழைய சரக்கு.

வீட்டுக்கு வந்ததும் முறத்தில் போட்டுப் புடையுங்கள். மீசையும் தூசும் முன்னால் பறந்துவிடும். பிறகு விரலால் பரப்பி, குட்டிச் சிப்பி, மணல் பருக்கை, எப்போதாவது ஒரு பொடி நண்டு, எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அடுத்து வெறும் கடாயில், சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் நெடி கிளம்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூன்று நாலு நிமிடத்தில் அந்த நெடி மாறி வறுத்த கடலை வாசனை போல ஒன்று வரும். ஒன்றை எடுத்து நசுக்கினால் மொறுமொறுவென்று பொடியும். அப்போது இறக்கிவிடுங்கள். ஆறியதும் பாட்டிலில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் நம் ஊர்க் கடல் காற்றில் இரண்டே நாளில் நமுத்துப்போகும்.

நெத்திலி எதற்கு என்றால், மீன் சாஸுக்குப் பதிலாக. மீன் சாஸ் என்பது சின்ன மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற நீர். நெத்திலி வகை மீனில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அந்த ஊறலின் ஆழம் நம் கருவாட்டுத் தண்ணீருக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பும் மீன் ருசியும் வேண்டிய அளவு இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே மீன் சாஸ் பாட்டில் இருந்தால் தாராளமாக அதையே ஊற்றுங்கள்.

50 கிராம் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் இரண்டு தரம் அலசுங்கள். மணல் அடியில் தங்கும், மேலாக அரித்து எடுக்க வேண்டும். ஒன்றரை டம்ளர் தண்ணீர், 1 தேக்கரண்டி கல் உப்பு போட்டு, அரை டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். துணியில் வடிகட்டிப் பிழிந்தால் தேன் நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் கரிக்க வேண்டும், கரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். வடிகட்டிய சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டு வதக்கினால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

இடித்துச் செய்வது

4 பேருக்கு: சீவிய பப்பாளிக்காய் 300 கிராம், பச்சை மிளகாய் 4, நாட்டுப் பூண்டு 5 பல், பனைவெல்லம் பொடித்தது ஒன்றரை மேசைக்கரண்டி, கருவாட்டுத் தண்ணீர் 2 மேசைக்கரண்டி, 2 எலுமிச்சையின் சாறு, வறுத்த சென்னாக்குனி 1 மேசைக்கரண்டி, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பிஞ்சுக் காராமணி 4, நாட்டுத் தக்காளி 2.

தாய்லாந்தில் இதற்கு மண் உரலும் மர உலக்கையும் வைத்திருப்பார்கள். மசாலா அரைக்கிற கல் உரல் வேறு. கல்லும் கல்லும் மோதினால் காய் நசுங்கிக் கூழாகும், மரம் பட்டால் கன்றி மட்டும் போகும். காய் கன்ற வேண்டும், அப்போதுதான் சாறு உள்ளே இறங்கும். மண் உரலுக்கு நாம் எங்கே போக? இஞ்சி பூண்டு தட்டுகிற சின்னக் கல் உரலில் மிளகாய், பூண்டை இடித்துக்கொண்டு, மீதியை ஆழமான எவர்சில்வர் குண்டானில் பருப்பு மத்தால் செய்யுங்கள். மர மத்து இதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. எலுமிச்சை சேர்வதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மிக்ஸியும் வேண்டாம், அதில் போட்டால் சட்னிதான்.

பூண்டையும் மிளகாயையும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள், விழுதாக வேண்டாம். குண்டானில் போட்டு பனைவெல்லத்தைச் சேர்த்து மத்தால் குத்திக் கரையுங்கள். கருப்பட்டி கறுப்பாக இருந்தால் சாலட்டின் நிறம் மங்கும், ருசிக்குக் குறைவில்லை. காராமணியை விரல் நீளத்துக்கு ஒடித்துப் போட்டு, அது பிளந்து வாய் திறக்கும்வரை நாலு குத்து. சென்னாக்குனி, பாதி வேர்க்கடலை போட்டு ரெண்டு குத்து. தக்காளியை நாலாகக் கீறிப் போட்டு, சாறு விட்டால் போதும் என்று ஒரே அழுத்து. கருவாட்டுத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிக் கலந்து, இப்போது ருசி பாருங்கள். புளிப்பு, உப்பு, காரம், மூன்றும் கொஞ்சம் அதிகம் என்று தோன்ற வேண்டும். காய் உள்ளே வந்தால் எல்லாம் இறங்கிவிடும். இந்த நிலையில் ருசி சரியாக இருக்கிறது என்று பட்டால், முடிவில் சப்பென்றுதான் இருக்கும்.

கடைசியாகக் காய். வலது கையில் மத்து, இடது கையில் நீளக் கரண்டி. மத்தால் ஒரு குத்து, கரண்டியால் அடியிலிருந்து ஒரு புரட்டு. குத்து, புரட்டு. இருபது முப்பது தடவைக்குள் இழைகள் லேசாகப் பளபளத்து வளைய ஆரம்பிக்கும், நிறுத்திவிடுங்கள். தட்டில் கொட்டி, மீதி வேர்க்கடலையை மேலே தூவுங்கள். முதலிலேயே எல்லாக் கடலையும் போட்டால் ஊறிவிடும்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்லாந்தில் பச்சைத் தோல் எலுமிச்சை. நம் மஞ்சள் எலுமிச்சையிலும் முழுக்கப் பழுக்காத, பச்சை கலந்த காயாகப் பார்த்து எடுத்தால் வாசனை தூக்கும். சாற்றைப் பிழிந்து வைக்காதீர்கள், ஊற்றுகிற நேரத்தில் பிழியுங்கள்.

செய்த உடனே சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் போனால் தண்ணீர் விட்டு வாடிவிடும். விருந்தாளிகள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டபிறகு இடிக்க ஆரம்பித்தாலே போதும், எல்லாம் தயாராக இருந்தால் 5 நிமிட வேலை.

பிசறுவது

இது அத்தையின் பக்குவம். அதே 300 கிராம் காய். முன்னேற்பாடு கூடுதல், ஆனால் எல்லாவற்றையும் காலையிலேயே செய்து வைத்துக்கொள்ளலாம்.

5 மேசைக்கரண்டி கடலை எண்ணெயைக் காயவைத்து, சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம் 12ஐப் பொரியுங்கள். பொன்னிறம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அரித்து எடுத்துவிட வேண்டும், வெளியே எடுத்தபிறகும் நிறம் ஏறும். அதே எண்ணெயில் அரிந்த பூண்டு 8 பல்லைப் பொரித்து எடுங்கள். மீந்த எண்ணெய் வாசனையைக் குடித்திருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். 2 மேசைக்கரண்டி கடலை மாவை எண்ணெயில்லாமல் சிறு தீயில் பச்சை வாசனை போக வறுக்க வேண்டும். கையை எடுக்காமல் கிளறுங்கள், ஓரம் கருகினால் மொத்தமும் கசக்கும். அவசரத்துக்குப் பொட்டுக்கடலைப் பொடியும் ஆகும். நெல்லிக்காய் அளவு புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சென்னாக்குனியை 2 மேசைக்கரண்டி எடுத்துப் பொடியுங்கள். இதற்கு மிக்ஸி பரவாயில்லை.

அகலமான பேசினில் காயைப் போட்டு, கடலை மாவு, சென்னாக்குனிப் பொடி, வறுத்து இடித்த வர மிளகாய் 1 தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை எல்லாவற்றையும் தூவுங்கள். அந்த எண்ணெயில் 2 மேசைக்கரண்டி ஊற்றி, விரல்களை அகல விரித்து அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிசறுங்கள். எண்ணெய் முதலில் இழையைப் பூசிக்கொள்ளும். பிறகுதான் புளித்தண்ணீரும் 1 மேசைக்கரண்டி கருவாட்டுத் தண்ணீரும். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. அத்தோ கடைக்காரர் கையைக் கவனித்துப் பாருங்கள், நூடுல்ஸ் ஒன்றுகூட அறுந்திருக்காது. அந்தப் பதம்தான் இதற்கும். கடைசியில் பொரித்த வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித்தழை, பாதி எலுமிச்சை. உப்பு பார்த்துவிட்டுப் போடுங்கள், கருவாட்டிலும் உப்பு இருக்கிறது.

காய் விடுகிற தண்ணீரைக் கடலை மாவு உறிஞ்சிக்கொண்டு இழைமேல் ஒட்டி நிற்கும். அதனால் இடித்த சாலட்டைவிட இது ஒரு மணி நேரம் கூடுதலாகவே தாங்கும். அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டுமானால் காய், மாவுக் கலவை, புளித்தண்ணீர் மூன்றையும் தனித்தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே பிசறுங்கள்.

சைவத்துக்கு: இரண்டு வகையிலும் கருவாட்டுத் தண்ணீருக்குப் பதில் 1 மேசைக்கரண்டி சோயா சாஸும் உப்பும். சென்னாக்குனி தருகிற ஆழத்துக்கு, காளானை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து வறுத்துப் பொடித்துப் போட்டுப் பார்த்தேன். நெருங்கி வருகிறது. எங்கள் மாடி வீட்டில் இருப்பவர்கள் சைவம், அவர்களுக்கு அப்படித்தான் செய்து அனுப்புகிறேன்.

எதோடு சாப்பிடுவது? ஈசான் பக்கம் ஒட்டுகிற அரிசிச் சோறும் சுட்ட கோழியும். எங்கள் வீட்டில் இடித்த சாலட்டுக்குச் சுடுசோறும் வறுத்த சங்கராவும். பிசறியதற்கு வாழைத்தண்டு சூப், அத்தோவுக்குக் கொடுப்பார்களே, அதேதான். மிளகு தூக்கலாக இருக்கட்டும்.

மீதிப் பாதிக் காய் இருக்கிறதே, அதில் தோலோடு ஒரு துண்டு வெட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கு எடுத்து வையுங்கள். அரைத்துத் தடவி அரை மணி நேரம் போதும், அதற்குமேல் விட்டால் கறி மாவாகிவிடும். மிச்சத்தைக் குஜராத்திகள் செய்கிற சம்பாரோவாகச் செய்யலாம். சௌகார்பேட்டைப் பக்கம் ஃபாஃப்டா என்ற கடலை மாவு நொறுக்குத்தீனி சாப்பிட்டிருந்தால் அதோடு மஞ்சளாக ஒரு காய்த் துருவல் வைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள்தூளும் துருவிய காயும் போட்டு 2 நிமிடம் பெரிய தீயில் பிரட்டி, உப்பு, எலுமிச்சை. அடுப்பை அணைத்தபிறகும் காய் நறுக்கென்று இருக்க வேண்டும். தயிர் சோற்றுக்கு ஊறுகாயே தேவைப்படாது.